போட்டுப் பார்க்காத விளக்கு

கேபின் பணியாளர் பயிற்சி முடிந்து விமானம் ஏறப்போகும் உங்களுக்காக எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சாமர்த்தியமாகச் சமாளித்த கதை என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். என்னிடமும் அப்படிச் சில உண்டு. கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி அவை நிஜத்தைவிட அழகாகிவிட்டதால் இப்போது நானே அவற்றை முழுசாக நம்புவதில்லை. ஆகவே ஆரம்பம் முதல் கடைசி வரை எனக்கு ஒன்றும் சரியாகப் புரியாமல் போன ஒரு பகல் பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். படித்து முடித்ததும் உங்களுக்கும் குழப்பமாக இருந்தால் என்னைத் திட்டாதீர்கள். நானும் அந்தக் குழப்பத்தோடுதான் ஓய்வு பெற்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஊருக்கு இன்னும் மெட்ராஸ் என்றுதான் பெயர். கம்பெனி வேன் வீட்டு வாசலுக்கே வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். முதலில் பெசன்ட் நகரில் ஜெரோம், பிறகு ராஜா அண்ணாமலைபுரத்தில் நான், மயிலாப்பூரைச் சுற்றிக்கொண்டு போய் தி.நகரில் சம்பத் சார். சைதாப்பேட்டை தாண்டும்போது மூன்று பேருக்கும் தூக்கம் கலைந்திருக்கும்.

சம்பத் சார் எங்கள் பர்ஸர். கேபினில் நடக்கிற எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைவர். நல்ல மனிதர். லீவு கேட்டால் முகம் சுளிக்கமாட்டார், புதுசாக வந்தவர்களை எல்லோர் முன்னாலும் திட்டமாட்டார். ஒரே ஒரு கோளாறு, விடை தெரியாமல் கொஞ்ச நேரம் இருக்க நேர்ந்தால் அவருக்கு உடம்புக்கே ஆகாது. ஜெரோம் ஸ்டூவர்ட். மீனவக் குடும்பத்துப் பையன். பயணிகளிடம் துரை மாதிரி ஆங்கிலம் பேசுவான். பேன்ட்ரி என்கிற சமையல் மூலையின் திரையை இழுத்துவிட்டால் எங்களிடம் அசல் மெட்ராஸ் பாஷைதான். நான் ஏர்ஹோஸ்டஸ், விமானத்தின் பின்பகுதிக்குப் பொறுப்பு.

அன்றைக்குச் சிங்கப்பூர் பயணம். கடைசி வரிசைகளில் ஒன்றில் ஜன்னலோரமாக ஒரு மாமி வந்து உட்கார்ந்தார். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம். ருக்மிணி என்று பெயர். ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு, மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். பையை மேலே வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்டீம்மா. இதுல என் டிகாக்‌ஷன் இருக்கு. நான் வெளியில கை நனைக்கறதில்லே. நீ போட்டுத் தர காப்பி நன்னாத்தான் இருக்கும், ஆனா நேக்கு வேண்டாம்."

முதல் தடவை விமானம் ஏறுகிறீர்களா மாமி என்று விசாரித்தேன். அதற்காகவே காத்திருந்தவர் போல மடமடவென்று கொட்டிவிட்டார். ஒரே பெண், சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு அழைத்து வந்து எல்லாம் முறையாகச் செய்ய வேண்டும் என்று அறையெல்லாம் வெள்ளையடித்து வைத்திருந்தாராம். பெண்ணுக்கு ரத்தக்கொதிப்பு, விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அம்மாவே புறப்பட்டு வந்திருக்கிறார்.

"நேத்து மாப்பிள்ளை போன் பண்ணினார். இன்னிக்கே ஆனாலும் ஆகலாமாம். அவ அழறா. அம்மா வந்து கையைப் பிடிச்சுண்டாத்தான் பெத்துப்பேன்னு சொல்றா, அசடு. அவ அப்பாவும் இல்லே. என்னை விட்டா அவளுக்கு யார் இருக்கா, சொல்லு?"

நேரத்துக்குப் போய்விடுவோம் மாமி, கவலைப்படாதீர்கள் என்றேன். இந்த வாக்கியத்தை எந்தப் பயணியிடமும் சொல்லாதீர்கள். எத்தனை நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் சொல்லாதீர்கள்.

சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது. எப்படி விவரிப்பது? தார் காய்கிற மாதிரி இருந்தது, பிளாஸ்டிக் பொசுங்குகிற மாதிரி இருந்தது, நடுநடுவே மீன் வாடை மாதிரியும் வந்தது. ஒரு வரிசையில் நன்றாகத் தெரிந்தது. நாலு வரிசை தள்ளிப் போனால் இல்லை. திரும்பி வந்தால் முதலில் தெரிந்த இடத்திலும் இல்லை. ஜெரோம் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்கினான்.

"மேடம், இன்னா நாத்தம் கீது இங்க? மீன் மாதிரி வருது, ஆனா மீன் இல்ல. மீன் எனக்குத் தெரியாதா?"

அந்தக் காலத்தில் பின்வரிசைகளில் புகைபிடிக்க அனுமதி உண்டு. ஆகவே முதலில் சிகரெட் என்று நினைத்தோம். கழிவறைக் குப்பைத்தொட்டிகளில் யாராவது துண்டு போட்டிருக்கிறார்களா என்று கிளறிப் பார்த்தோம். இல்லை. அடுப்பில் ஏதாவது சிந்திக் கருகியிருக்குமோ என்று திறந்து பார்த்தோம். சுத்தமாக இருந்தது. சுவர்களையும் தலைக்கு மேலே பெட்டி வைக்கும் அறைக் கதவுகளையும் புறங்கையால் தடவித் தடவிச் சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனோம். எல்லாமே கொஞ்சம் சூடாக இருப்பது போலவும் எதுவுமே சூடாக இல்லாதது போலவும் தோன்றியது. பயந்த கைக்கு அப்படித்தான் தெரியும். தீயணைக்கும் சிலிண்டர்களை எடுத்துக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோம். சம்பத் சார் விமானியிடம் சொல்ல ஓடினார்.

பயணிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கொரு கருத்து இல்லாவிட்டால் தூக்கம் வராது. டயர் என்றார் ஒருவர். பறக்கிற விமானத்தில் டயர் எப்படி எரியும் என்று பக்கத்து இருக்கைக்காரர் அவரோடு சண்டைக்குப் போனார். ஒரு அம்மாள் தன் கைப்பையிலிருந்த பெருங்காய டப்பாதான் காரணமோ என்று என்னிடம் ரகசியமாக மன்னிப்புக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே வங்காள விரிகுடாவைத் தவிர வேறொன்றும் கிடையாது. திரும்பிப் போவதும் முன்னால் போவதும் ஏறக்குறைய ஒரே தூரம்.

அப்போதுதான் ஜெரோமின் குரல் கேட்டது.

"மேடம், இங்க வாங்க! இந்த அம்மா பாத்ரூம்ல காப்பி போட்டுக்கினு கீது!"

ஓடினேன். கழிவறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சவர மெஷினுக்காக ஒரு சின்ன மின்துளை இருக்கும். அதில் ஒரு ஒயர். ஒயரின் மறுமுனையில் தண்ணீர் காய்ச்சுகிற கம்பிச் சுருள், காசி யாத்திரை போகிறவர்கள் சத்திரத்தில் வெந்நீர் போட எடுத்துப் போவார்களே, அதேதான். அது ஒரு எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் டிகாக்‌ஷன் பாத்திரத்தோடு ருக்மிணி மாமி. முகத்தில் குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை. உள்ளே வந்ததற்காக ஜெரோமின் மேல்தான் கோபம்.

"பொம்மனாட்டி இருக்கற எடத்துல இப்படியா கதவைத் தொறக்கறது? வெந்நீர்தானேடா போட்டேன்!"

ஜெரோம் ஒயரைப் பிடுங்கினான். பின்னாலேயே வந்த சம்பத் சார் அந்தச் சுருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன். விடை கிடைத்துவிட்டது. எல்லோருக்குமே அப்படித்தான் இருந்தது. எனக்கும்தான்.

அடுத்த சில நிமிடங்களில் சம்பத் சார் என்னென்ன செய்தார் என்று கவனியுங்கள். எதுவும் தவறில்லை. அடுப்புகளையும் காப்பி மெஷினையும் அணைத்தார். சிகரெட்டை நிறுத்தச் சொல்லி அறிவித்தார். பயணிகளின் பதற்றம் தணியட்டும் என்று ஜன்னல் மறைப்புகளை இறக்கச் சொல்லி, கூரை விளக்குகளை அணைத்து, சினிமாவைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் வாசனை போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது. சம்பத் சார் முன்னால் போய், காரணம் கண்டுபிடித்து அகற்றியாகிவிட்டது, ஒரு பயணி செய்த காரியம் என்று விமானியிடம் சொன்னார். தரைக்கும் செய்தி போனது.

அதற்குள் விஷயம் வரிசை வரிசையாகப் பரவிவிட்டது. சற்று முன்பு டயருக்காகச் சண்டை போட்ட இருவரும் இப்போது ஒன்று சேர்ந்துகொண்டார்கள். "ஒரு காப்பிக்காக எங்க எல்லாரையும் கொல்லப் பாத்தீங்களே, உங்களுக்கெல்லாம் எதுக்கு ப்ளேன்?" என்று ஒருவர் மாமியின் முகத்துக்கு நேராகக் கேட்டார். மாமி தலையைக் குனிந்துகொண்டு துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். சம்பத் சார் அவரிடம் போய், இறங்கியதும் விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரிகள் உங்களை விசாரிப்பார்கள், அதுவரை இருக்கையை விட்டு எழுந்திருக்க வேண்டாம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

"விசாரிக்கட்டும். எத்தனை நேரம் ஆகும்?" என்று கேட்டார் மாமி.

"அது அவங்க கையில இருக்கும்மா."

"எம் பொண்ணு..." என்று ஆரம்பித்தவர் மறுபடியும் பையின் காதைத் திருகத் தொடங்கினார்.

நான் பேன்ட்ரிக்கு வந்தேன். அந்த டம்ளரை யாரோ அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தண்ணீரைக் கொட்டலாம் என்று எடுத்தபோது விரல் உள்ளே பட்டது. ஜில்லென்று இருந்தது.

வாசனை வந்தது சுருளால் என்றால் தண்ணீர் சூடாகியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் வெதுவெதுப்பாவது இருக்க வேண்டும். அந்தத் துளையில் வருவது சவர மெஷினுக்கு மட்டும் போதுகிற மின்சாரம். அதற்குமேல் இழுத்தால் தானே நின்றுவிடும் என்று பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியானால் அந்தச் சுருள் வேலையே செய்யவில்லை. ஆனால் அதைப் பிடுங்கியதும் வாசனை போய்விட்டதே? தண்ணீர் ஒன்றைச் சொன்னது, மூக்கு வேறொன்றைச் சொன்னது. இரண்டும் பொய்யில்லை. எதை நம்புவது?

சம்பத் சாரிடம் டம்ளரைக் காட்டினேன்.

"வாசனை போயிடுச்சா இல்லையா, வசந்தா?"

"போயிடுச்சு சார். ஆனா தண்ணி பச்சைத் தண்ணியா இருக்கே."

"அதான் போயிடுச்சே. இன்னும் எதுக்கு நோண்டறே? ஒயர் சூடாயிருக்கும். உள்ள பிளக் சூடாயிருக்கும். ஏதோ ஒண்ணு."

அந்த 'ஏதோ ஒண்ணு' என்ற வார்த்தையில்தான் எனக்குக் கோபம் வந்தது. சற்று முன்பு திட்டவட்டமாகத் தெரிந்தது இப்போது ஏதோ ஒன்றாகிவிட்டது, ஆனால் மாமியின் தலையில் விழுந்த பழி மட்டும் அப்படியே இருந்தது. மேலதிகாரியைத் தாண்டிப் போவது என் வழக்கமில்லை. அன்றைக்குப் போனேன். அந்த நாட்களில் விமானி அறைக்குள் நாங்கள் தட்டிவிட்டுப் போகலாம்.

கேப்டன் அடையாறுக்காரர். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நான் சொன்னதையெல்லாம் முன்பக்கம் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார்.

"வாசனை நின்னப்போ அங்க என்னென்ன மாறிச்சு? ஒண்ணு விடாம சொல்லும்மா."

சுருளைப் பிடுங்கியது, அடுப்பு, காப்பி மெஷின், சிகரெட், கூரை விளக்கு, சினிமா என்று அடுக்கினேன். அடுக்கும்போதுதான் எனக்கே விஷயம் உறைத்தது.

"எல்லாம் ஒரே நேரத்துலயா?"

"கிட்டத்தட்ட ஒரே நேரத்துல சார்."

"அப்போ எதனால நின்னுதுன்னு நமக்குத் தெரியாது."

"தெரியாது சார்."

"சரி. தெரியாதுன்னே வச்சிக்குவோம். அணைச்சது எல்லாம் அணைஞ்சே இருக்கட்டும். எதையும் திரும்பப் போடாதீங்க. தேடறதை நிறுத்தாதீங்க. தரைக்கு நான் செய்தியை மாத்திச் சொல்றேன், காரணம் தெரியலேன்னு."

"அந்த அம்மாவை, சார்?"

இப்போது திரும்பிப் பார்த்தார். "ஒரு ஆளைக் காட்டிட்டோம் இல்ல. இனிமே ஏர்போர்ட்காரங்க விசாரிக்காம விடமாட்டாங்க. என்ன காரணம்னு தெரிஞ்சாத்தான் அந்த அம்மாவை விடச் சொல்ல முடியும்."

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டென்றால் அது அந்த அறையில் கற்றதுதான். குற்றவாளி கிடைத்துவிட்டால் மனுஷ மூளை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு தட்டினாலும் எழுந்திருப்பதில்லை. மின்சாரக் கோளாறில் இது ரொம்ப ஆபத்து, ஏனென்றால் நிஜமான கோளாறு மூடின பலகைக்குப் பின்னால் இருக்கும், கண்ணில் படுகிற குற்றவாளியோ கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருப்பார். பல சாமான்களை ஒன்றாக அணைத்தீர்களா, நல்லது. பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் எது காரணம் என்று அதற்கப்புறம் யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். சொல்வது நீங்களே ஆனாலும் நம்பாதீர்கள்.

பாடம் இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

கேப்டன் சொன்னதை மாமியிடம் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. மற்றவர்கள் எல்லோரும் அவரைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் சூடாகவே இல்லை, உங்கள் சுருளாக இல்லாமலும் இருக்கலாம் என்று ஒருத்தியாவது சொல்லவேண்டும் போலிருந்தது. பல சாமான்களைச் சேர்த்து அணைத்ததால் எது என்று தெரியவில்லை என்றும் விளக்கினேன். மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். கணக்கு வாத்தியார் பெண்டாட்டியாம், பிறகு தெரிந்தது.

"அப்போ ஒண்ணொண்ணாப் போட்டுப் பாரேன். மறுபடியும் நாத்தம் வந்தா என் மேல தப்பில்லேன்னு ஆயிடுமோன்னோ? நீங்களே கீழ சொல்லிடலாம், நான் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன்."

எத்தனை நேரான யோசனை! பார்க்கிறேன் மாமி என்று சொல்லிவிட்டு பேன்ட்ரிக்கு வந்தேன். ஜெரோம் சிலிண்டரோடு கூரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். அவனிடம் சொன்னேன்.

"கரெக்டுதான் மேடம்," என்றான். "ஒரே ஒரு தபா போட்டுப் பாக்கலாம். நாத்தம் வந்துச்சுன்னா டக்குனு அமுத்திடலாம். நான் சிலிண்டர் வச்சிக்கினுதான கீறேன். பாவம் மேடம் அந்த அம்மா. எங்கம்மா வயசு."

பேன்ட்ரிச் சுவரில் அந்தச் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. நம் ஊர்க் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. ரேடியோ பாடவில்லையா, தலையில் ஒரு தட்டு. ஃபியூஸ் போய்விட்டதா, கம்பியைச் சுற்றி மறுபடியும் போட்டுப் பார். மிக்ஸி நின்றுவிட்டதா, ஒருமுறை போட்டுப் பார், இன்னொரு முறை போட்டுப் பார். எங்கள் வீட்டில் பாதிச் சாமான்கள் அந்த வைத்தியத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. என் கை தானாகவே அடுப்புச் சுவிட்சுக்கு மேலே போய் நின்றது. அதற்குப் பக்கத்தில் கூரை விளக்குச் சுவிட்ச். ஒரு வினாடிதானே? போட்டு, முகர்ந்து, அணைத்துவிட்டால் என்ன?

நீங்கள் நினைப்பது போல விதிப்புத்தகம் எதுவும் அப்போது என் கண் முன்னால் வரவில்லை. மாமியின் முகம்தான் இருந்தது. அவர் பெண்ணை நான் பார்த்ததில்லை, ஆனால் அவள் அழுவது எனக்குக் கேட்டது. இன்னொரு பக்கம், சினிமா வெளிச்சத்தில் வாயைத் திறந்து தூங்குகிற ஒரு குழந்தை. டயர்க்காரர். பெருங்காய அம்மாள். வாசனை வந்தால் உடனே அணைக்கலாம் என்கிறான் ஜெரோம். வாசனைக்குப் பதிலாக நெருப்பே வந்தால்? அதுவும் சுவிட்சை அணைத்தால் அணைகிற நெருப்பாக இல்லாவிட்டால்? இப்போது எதுவோ எங்கேயோ சும்மா கிடக்கிறது. அதை மறுபடியும் எழுப்பிப் பார்த்தால்தான் ஒருத்தியைக் காப்பாற்ற முடியும் என்ற நிலைமை. சரி எது, தப்பு எது என்று எனக்கு அந்த நிமிஷம் தெளிவாகத் தெரிந்தது என்று எழுதினால் அது பச்சைப் பொய். தெரியவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"வேணாம் ஜெரோம்."

"மேடம்..."

"வேணாம்னா வேணாம். நீ அந்தப் பக்கம் போய்த் தடவிப் பாரு."

மாமியிடம் திரும்பிப் போய், போட்டுப் பார்க்க முடியாது என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். அவர் ஜன்னல் மறைப்பைச் சற்றுத் தூக்கி வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். தரை தொடும்வரை என் பக்கம் திரும்பவில்லை. சினிமா முடிந்தபின்னும் விளக்கு இல்லை, காப்பி இல்லை என்று மற்றவர்கள் என்னைத் திட்டியதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை.

இறங்கியதும் வாசலில் இரண்டு அதிகாரிகள் நின்றிருந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஒரு அறைக்குள் மாமியை உட்காரவைத்தார்கள். விமானத்தில் என்ன நடந்தது என்று என்ஜினியர் பார்த்துச் சொல்லும்வரை அவரை வெளியே விடமுடியாது என்றார்கள். காரணம் தெரியவில்லை என்று கேப்டன் சொன்னார், நானும் சொன்னேன். கடைசியில் சம்பத் சாரும், உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொன்னார். அதைச் சொல்ல அவர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நடைமுறை நடைமுறைதான்.

காலியான விமானத்தில் என்ஜினியர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அடுப்பு, ஒன்றுமில்லை. காப்பி மெஷின், ஒன்றுமில்லை. கூரை விளக்குகளைப் போட்டுச் சற்று நேரம் ஆனதும் அந்த வாசனை வந்தது. கூரைப் பலகையைக் கழற்றினார். டியூப் லைட்டின் சோக் ஒன்று வெந்து தாராக உருகி வழிந்திருந்தது. அதற்கு மேலே, கூரைக்குள் குளிர் தடுக்கப் பரப்பியிருந்த பஞ்சுப் போர்வையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல். நம் வீடுகளில் சோக் போனால் இதே வாசனைதான் வரும், கூடத்தில் உட்கார்ந்தபடியே சோக் போச்சு என்று சொல்லிவிடுவோம். விமானத்தில் எங்கள் ஒருவர் மூக்குக்கும் அது தோன்றவில்லை. அந்த இடத்தில் அதை எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"இன்னும் ஒரு தடவை வானத்தில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று அவரிடம் கேட்டேன். "ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம்," என்றார். கருகலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆகியும் இருக்கலாம்," என்றார்.

நானும் ஜெரோமும் ஓடிப்போய் அதிகாரிகளிடம் சொன்னோம். கையெழுத்து, அனுமதி என்று எல்லாம் முடிந்து மாமி வெளியே வந்தபோது மாப்பிள்ளை அங்கே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்து அவர் போய்விட்டிருந்தார். தன் நண்பர் ஒருவரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். அந்த நண்பர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்து, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று வாழ்த்துச் சொன்னார். பாவம், அவருக்கு என்ன தெரியும். மாமி கைகூப்பி, பெருமாளே என்றார். பிறகு யாரிடமும் இல்லாமல், "தனியாவே பெத்துண்டுட்டா," என்றார். ஜெரோம் அந்தப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். சீருடையில் அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பரவாயில்லை, அழுங்கள்.

பல மாதங்கள் கழித்து மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வாழைப்பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். மாமி. நான் நழுவிவிடலாமா என்று நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன்.

"நீ அந்த ப்ளேன் பொண்ணுதானே?"

"ஆமாம் மாமி. பேத்தி எப்படி இருக்கா?"

"நன்னா இருக்கா. குப்புற விழுந்து நீந்தறா. ஆறு மாசம் இருந்து குளிப்பாட்டி விட்டுட்டு இப்பத்தான் வந்தேன்." வாழைப்பூவைக் கீழே வைத்தார். "எம் பொண்ணுக்கு நடந்ததெல்லாம் சொல்லிட்டேன். புரியறதும்மாங்கறா. ஆனா அப்பப்போ கேக்கறா, நான் கத்தினப்போ நீ எங்கம்மா இருந்தேன்னு. கேட்டுட்டு, அவளே சிரிச்சுடறா."

கடைக்காரர் என்னிடம் எடை போடட்டுமா என்று கேட்டார். இருங்கள் என்று கை காட்டினேன்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு நீ அதைப் போட்டுப் பாத்திருந்தா நான் அவகிட்ட இருந்திருப்பேனோன்னோ?"

"இருந்திருப்பீங்க மாமி."

"இல்லே, எல்லாருமா கடல்ல போயிருப்போமா?"

"அதுவும் நடந்திருக்கலாம். எனக்குத் தெரியாது மாமி. இன்னிக்கு வரைக்கும் தெரியாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் மறைக்காதே என்று கேட்டிருந்தார். "ஆனா மறுபடியும் அப்படி ஒரு நிலைமை வந்தாலும் நான் போடமாட்டேன்."

மாமி தலையை ஆட்டினார். "தெரியும்டீ. அதனாலதான் உன்மேல கோவப்படவும் முடியலே, கோவப்படாம இருக்கவும் முடியலே. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

அவர் காய் எதுவும் வாங்காமல் கோயில் பக்கமாகப் போய்விட்டார்.